ஜகதீச சந்திர போஸ்: வளைகோடு வரைந்த பேராசான்

திரான்சிற்றரை ஆள்வது மின்னழுத்தமா, மின்னோட்டமா என்னும் வினா உயர்தர வகுப்பிலே பௌதிகம் பயிலும் மாணாக்கரை இரு கட்சியாகப் பிரித்து வருகின்றது. அடிக்குச் செல்லும் சிற்றோட்டமே சேகரிப்பானிற் பாயும் பேரோட்டத்தை நடத்துகின்றது என்பர் ஒரு சாரார். அடிக்கும் காலிக்கும் இடையே நாம் இடும் அழுத்தமே தலைவன், சிற்றோட்டம் அவன் பின்னே வரும் ஏவலாள் என்பர் மறு சாரார். ஆசிரியரிடையேயும் இவ்விரு கட்சியினர் உளர் என்பதைப் பழைய மாணவர் நன்கறிவர். ஒரே பாடத்தை ஓராண்டு ஒருவரிடமும் மறு ஆண்டு மற்றொருவரிடமும் கேட்டு மயங்கியவர்கள் நம்மிலும் பலர். இவ்வழக்கை வெறுமனே வாதித்துப் போவதினும், திரான்சிற்றர் தோன்றுவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்னரே, அழுத்தத்தை மெல்ல மெல்ல மாற்றி ஓட்டம் எவ்வாறு நடந்துகொள்கின்றது என்று அளந்து வளைகோடு வரைந்து காட்டிய ஒரு பெருமகனாரின் வாழ்க்கையை எடுத்துரைப்பது விழா மலருக்கு ஏற்றதெனக் கருதுகின்றோம். அவர் சேர் ஜகதீச சந்திர போஸ். செடிகளுக்கும் உணர்ச்சியுண்டு என்று கூறியவர் என்ற அளவிலேதான் நம்மவருள் மிகப் பலர் அவரை அறிவர். குறைகடத்தியின் வரலாற்றிலே அவருக்குரிய இடம் யாதென்பது பாடநூல்களிற் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

ஜகதீச சந்திரர் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்று பங்களாதேசம் எனப்படும் கிழக்கு வங்காளத்திலே பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்கத்திற் பெரும் பதவி வகித்தவர்; பிரம சமாஜத்தைச் சார்ந்தவர். அக்காலத்திலே அத்தகைய பதவியிலுள்ளார் தம் மைந்தரை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே வழக்கம். அவரோ மகனை முதலில் வங்காள மொழிப் பள்ளிக்கு அனுப்பினார். தாய்மொழியை அறிந்து, தன் மக்களை அறிந்த பின்னரே பிறமொழி கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அப்பள்ளியிலே சிறுவனுக்கு ஒருபுறம் தந்தையாரின் முஸ்லிம் ஏவலாளின் மகனும் மறுபுறம் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருந்தனர். நீர்வாழ் உயிர்களைப் பற்றியும் பறவை விலங்குகளைப் பற்றியும் அவர்கள் கூறிய கதைகளே இயற்கையை ஆராயும் வேட்கையைத் தம்முள் விதைத்தன என்று முதுமையிலே போஸ் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். சுயமொழிக் கல்வியைப் பற்றி நம் நாட்டிலே நீண்ட காலம் சூடாக வாதிட்டோம். அவ்வாதங்களில் இவருடைய பெயர் எடுபடாமற் போனது நமக்கு வியப்பே.

பின்னர் கல்கத்தாவிலே சென் சேவியர் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அங்கே லாபோன் பாதிரியார் பௌதிகச் சோதனைகளைச் செய்து காட்டிய முறை அவர் மனத்தைக் கவர்ந்தது. 1880இல் மருத்துவம் பயில இங்கிலாந்து சென்றார். காய்ச்சலால் உடல்நலம் குன்ற, மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ச் கிறைஸ்ற் கல்லூரியிற் சேர்ந்து இயற்கை விஞ்ஞானம் பயின்றார். றேலிப் பிரபு அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். 1884இல் பட்டம் பெற்று, 1885இல் கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியிற் பௌதிகப் பேராசிரியராகத் தற்காலிக நியமனம் பெற்றார்.

ஈண்டு நேர்ந்த நிகழ்ச்சியைச் சற்று விரித்துரைக்க வேண்டும். இந்தியராய்ப் பிறந்த பேராசிரியருக்கு ஐரோப்பியர் பெறும் சம்பளத்தில் மூன்றில் இரு பங்கே தரப்பட்டது. நியமனம் தற்காலிகமாகையால் அதிலும் பாதியே அவருக்கு உரியதென்று கூறினர். எனவே அதே வேலையைச் செய்யும் வெள்ளையர் பெறுவதில் மூன்றிலொரு பங்கே அவர் கைக்கு வரவேண்டியதாயிற்று. அவர் வழக்காடவில்லை, வேலையை விட்டு விலகவுமில்லை. மாதந்தோறும் வந்த சம்பளத்தைத் தொடாமல் மறுத்துவிட்டு, வகுப்புகளை ஒன்றும் தவறாது நடத்தினார். ஒரு மாதமன்று, ஈராண்டன்று, மூன்றாண்டுகள். தந்தையாரோ கைத்தொழில் முயற்சிகளிற் பொருளிழந்து பெருங் கடனில் ஆழ்ந்திருந்த காலம் அது. 1887இல் அபலாவை மணந்தார். அவ்வம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர் என்பது தமிழர் அறிந்து மகிழத்தக்கது. வாடகை குறைந்த சந்தர்நாகூரிலே வீடெடுத்து, கணவரை ஊக்ளி ஆற்றின் மறுகரையில் விட்டுவிட்டு அம்மையாரே படகை வலித்துத் திரும்புவார் என்று போசின் வரலாற்றை எழுதினோர் கூறுவர். முடிவில் அரசாங்கம் இணங்கியது. முழுச் சம்பளம், அதுவும் முதல் நாளிலிருந்தே கணக்கிட்டு, ஒருசேர அளிக்கப்பட்டது. அப்பணம் தந்தையாரின் கடனை அடைக்கச் சென்றது.

ஆராய்ச்சிக்கு என்று கல்லூரி அவருக்கு யாதும் அளிக்கவில்லை. ஒரு சிற்றறையே ஆய்வுகூடம். தகரவேலை அறிந்த தொழிலாளி ஒருவரே உதவியாளர். செலவு தம் கைப்பொருள். 1894இல், தம் பிறந்த நாளையொட்டி, இனி ஆராய்ச்சிக்கே வாழ்க்கையை ஒப்படைப்பதென அவர் உறுதி பூண்டார். அவ்வாண்டின் தொடக்கத்தில் மறைந்த ஹேர்ட்ஸ் கண்டறிந்த மின்காந்த அலைகளைப் பற்றி ஒலிவர் லொட்ஜ் எழுதியதை அவர் படித்திருந்தார். ஹேர்ட்ஸ் கையாண்ட அலைகள் அடிக் கணக்கில் நீண்டவை. அவற்றின் ஒளியொத்த இயல்புகளை ஆராயப் பெரும் கூடங்கள் வேண்டும். போஸ் அலையைக் குறுக்கினார். 5 மில்லிமீற்றர் அளவுக்குக் குறுகிய அலைகளை உண்டாக்கி, ஒரு மேசைமேல் அடங்கும் கருவிகளால் அவற்றைத் தெறிக்கச் செய்தார், முறியச் செய்தார், முனைவாக்கினார். முனைவாக்கும் கருவியாக அவர் கொண்டது யாதெனக் கேட்போர் நகைப்பர்: இங்கிலாந்தின் புகையிரத நேரசூசிப் புத்தகமொன்றின் தாள்களுக்கிடையே ஈயத் தகட்டுத் தாளைச் செருகியதே அது. முறுக்கிய சணற் கட்டும் அவருக்குக் கருவியாயிற்று. 1895இல் கல்கத்தா நகர மண்டபத்திலே பொதுமக்கள் முன்னிலையில், கம்பியின்றி அலையைச் செலுத்தி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் வெடிக்க வைத்தார். இன்று கைத்தொலைபேசித் துறையினர் மில்லிமீற்றர் அலைகளைப் பற்றிப் பெரிதாகப் பேசுகின்றனர். அவ்வலைகளிலே முதற் சோதனைகள் செய்தவர் இவரென்று மின்பொறியியலாளரின் அனைத்துலகச் சங்கம் 2012இல் நினைவுச் சின்னம் நிறுவிச் சிறப்பித்தது.

1897 சனவரியில் இலண்டன் வேத்தியல் நிலையத்திலே அவர் உரையாற்றியதும், கெல்வின் பிரபு முதலியோர் அவரைப் பாராட்டியதும் பலரும் எழுதிய செய்திகள். நாம் கூற விழைவது அலையை அனுப்பிய கதையன்று; அலையை வாங்கிய கதை.

பிரான்சு நாட்டறிஞர் பிரான்லி 1890இற் கண்ட அலைவாங்கி, உலோகத்தூள் நிறைந்த கண்ணாடிக் குழாயொன்றாகும். மின்னலை வந்து தாக்கியவுடன் தூளின் தடை திடீரென வீழும். மின்கலத்தின் ஓட்டம் பாய்ந்து கல்வனோமானியின் ஊசியைத் திருப்பும். பின்னர் குழாயைத் தட்டினாலன்றி அது பழைய நிலைக்கு மீளாது. தூள்மணிகள் நுண்ணிய பொறியால் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்கின்றன என்று லொட்ஜ் விளக்கம் கூறினார், உலகமும் ஏற்றுக்கொண்டது. வங்காளத்தின் ஈரவெப்பத்திலே இக்கருவி ஒருநாள் நடந்தால் மறுநாள் நடவாது. கண்டி மாரியிலே வானொலிப் பெட்டி பழுதாகக் கண்டவர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை. போஸ் தூளை அகற்றி, அதற்கீடாகச் சிறு உருக்குச் சுருள்விற்களை ஒன்றையொன்று தொடுமாறு வரிசையாக அடுக்கினார். அவற்றை நெருக்குதற்கு ஒரு திருகாணி. அவற்றின் மீதிடும் மின்னழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஓர் ஒழுங்கு. கருவி சோம்பியபோது அழுத்தத்தைச் சிறிதே திருத்தினால் அது மீண்டும் விழித்துக்கொள்வதைக் கண்டார்.

இங்கேதான் அவர் பிறரினின்றும் வேறுபட்டார். கருவி நடக்கின்றது, போதும் என்று மார்க்கோனி போன்றார் தந்தி அனுப்பச் சென்றுவிட்டனர். போஸ், தொடுமிடத்தில் நிகழ்வது யாது என்று நின்று கேட்டார். உலோகங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். இரும்பு முதலியவற்றில் அலை படும்போது தடை குறைந்தது. பொற்றாசியத்திலோ தடை கூடியது. உருகி ஒட்டுவதே காரணமாயின் தடை கூடுவது எவ்வாறு? இவ்வொரு வினாவே லொட்ஜின் விளக்கத்தை அசைக்கப் போதுமானது. பொருள்களை நேரினம், எதிரினம் என அவர் வகுத்தார். இதனை வைத்துக்கொண்டு, பிற்காலத்தில் வந்த நேர், எதிர்க் குறைகடத்தி வகைகளையே அவர் கண்டுவிட்டார் என்று புகழ்வோரும் உளர். நாம் அவ்வளவு தூரம் செல்ல விரும்பவில்லை. பொருள்களை அவற்றின் மின்நடத்தையால் இனம் பிரித்தார் என்பதே போதிய புகழ்.

1901இல் அவர் மேலும் ஒரு படி ஏறினார். கூரிய இரும்பு முனையொன்றை இரும்புத் தளத்தில் மெல்ல ஊன்றி, அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தியும் தாழ்த்தியும் ஒவ்வொரு படியிலும் ஓட்டத்தை அளந்து குறித்தார். ஓமின் விதிப்படி அது நேர்கோடாக அமைய வேண்டும். அமையவில்லை. தொடக்கத்தில் ஏறக்குறையப் படுத்துக்கிடந்த கோடு, 0.45 வோல்ற்று அளவில் முழங்கால் மடங்கியதுபோல் வளைந்து மேலெழுந்தது. அவ்வளைவிலே அழுத்தத்தை நிறுத்தி வைத்தால் கருவி அலையை மிக நுட்பமாக உணர்ந்தது. காரணம் தெளிவு: வளைவில் அழுத்தம் இம்மியளவு மாறினாலும் ஓட்டம் பெரிதும் மாறும். ஒரு சோதனையில் அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட ஓட்டம் குறைவதையும் அவர் கண்டு பதிந்தார். நம் வழக்குக்கு இது மிக முக்கியம். அத்தகைய கோட்டிலே ஓர் அழுத்தத்தைச் சொன்னால் ஓட்டம் ஒன்றே; ஓர் ஓட்டத்தைச் சொன்னாலோ அழுத்தம் ஒன்றுக்கு மேற்பட்டதாகலாம். எது காரணியென்று கொள்ளத்தக்கது என்பதைக் கோடே ஒருவாறு சொல்லிவிடுகின்றது.

இரும்போடு அவர் நிற்கவில்லை. கலீனா என்னும் ஈயக் கனிமத்தின் பளிங்கிலே முனையை ஊன்றி அமைத்த அலைவாங்கி தட்டாமலே தானே மீளும் இயல்பினது. இதுவே குறைகடத்திப் பளிங்கால் மின்னலையை உணர்ந்த முதற் கருவி. அதற்கு உரிமைப்பத்திரம் பெற அவருக்கு விருப்பமில்லை. 1901இல் தந்தி நிறுவனமொன்றின் உரிமையாளர் பத்திரத்தோடும் பணத்தோடும் நேரில் வந்தபோது மறுத்துவிட்டார். அறிவை விற்பது ஆசிரியனுக்கு அடாது என்பது அவர் துணிபு. எனினும் சாரா புல் என்னும் அமெரிக்க அம்மையாரும் சகோதரி நிவேதிதையும் விடாது வற்புறுத்தியதனால் 1901 செப்ரெம்பரில் அமெரிக்காவில் விண்ணப்பம் செய்யப்பட்டு, 1904 மார்ச்சு 29ஆம் நாள் உரிமை வழங்கப்பட்டது. அவர் அதனைப் பயன்படுத்தவேயில்லை, காலாவதியாக விட்டார். இத்துறவை நாம் வணங்குகின்றோம். ஆயினும், வந்த பொருளைப் பெற்றிருந்தால், தமக்கென ஓர் ஆய்வுகூடம் அமைக்க அவர் 1917 வரை காத்திருக்க வேண்டியதில்லையே என்று எண்ணாமலும் இருக்க முடியவில்லை. பளிங்கு வானொலிகள் பிற்காலத்தில் இலட்சக் கணக்கிற் செய்யப்பட்டன. அவற்றைச் செய்தோர் அவரை நினைக்கவில்லை.

வளைகோட்டை வரைந்த கையோடு அவர் அத்துறையை விட்டகன்றார். களைத்த உலோகமும் களைத்த தசையும் ஒத்த கோடுகளையே தருகின்றன எனக் கண்டு, உயிருள்ளதற்கும் அல்லாததற்கும் இடையே எல்லை யாது என்ற பெரும் வினாவிற் புகுந்தார். ஹந்தானைச் சாரலில் நம் சிறுவர் காலால் தொட்டு விளையாடும் தொட்டாற்சுருங்கி அவருடைய ஆய்வுகூடத்திற் பல்லாண்டு வீற்றிருந்தது. செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியை ஆக்கினார். செடிகளில் மின்துடிப்பு ஓடுகின்றது என்பதை இன்று அனைவரும் ஏற்பர். அதனினும் மேலாக அவர் கூறிய சிலவற்றை ஏற்பார் அரியர். அளவையால் நின்றவர் உவமையால் நடக்கத் தொடங்கிய இடங்கள் அவை என்பது நம் கருத்து. 1915இல் கல்லூரியினின்றும் ஓய்வு பெற்றார். சத்தியேந்திர நாத போசும் மேகநாத சாகாவும் அங்கு அவரிடம் பயின்றவர்கள். 1917இல் சேர் பட்டம் வந்தது. அவ்வாண்டு தம் பிறந்த நாளிலே தம் பெயரால் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். 1920இல் வேத்தியற் கழகத்தின் அங்கத்தவரானார். 1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிடியிலே காலமானார்.

பத்தாண்டு கழித்து, 1947 திசெம்பரில், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே பார்டீனும் பிரற்றெயினும் சேர்மானியப் பளிங்கின்மீது இரு உலோக முனைகளை ஊன்றித் திரான்சிற்றரை ஆக்கினர். அடுத்த மாதமே சொக்லி சந்தித் திரான்சிற்றரை வகுத்தார். மூவரும் 1956இல் நோபெற் பரிசு பெற்றனர். அதற்கு முந்திய ஆண்டு, குறைகடத்தி ஆராய்ச்சியின் வரலாற்றைப் பியர்சனோடு சேர்ந்து எழுதிய பிரற்றெயின், பளிங்கால் வானொலி அலையை முதலில் உணர்ந்தவர் போசே என்று பதிந்தார்.

இனி வழக்குக்கு வருவோம். திரான்சிற்றரின் காலிக்கும் அடிக்கும் இடையே ஒரு மின்னரண் உண்டு. நாம் இடும் அழுத்தம் அவ்வரணைத் தாழ்த்துகின்றது. காலியின் இலத்திரன்கள் அதனைத் தாண்டி, மெல்லிய அடிப் படையினூடே பரவி, சேகரிப்பானை அடைகின்றன. வழியிலே மிகச் சிலவே அடியிற் சிக்குகின்றன. அடியிலிருந்து காலிக்கும் சிறிது கசிவு உண்டு. இவ்விழப்பை ஈடுசெய்யப் பாய்வதே அடியோட்டம். மடைக் கதவை உயர்த்தும்போது வாய்க்காலிலே பெருகும் நீருக்கேற்பக் கரையில் ஊறும் கசிவும் பெருகும். கசிவை அளந்து நீரின் அளவைச் சொல்லலாம். ஆனால் கதவைத் திறந்தது கசிவன்று. அடியோட்டத்தை நிறுத்தினால் பேரோட்டமும் நின்றுவிடுகின்றதே என்பர் ஓட்டக் கட்சியார். உண்மை. ஈடுசெய்யப்படாத இழப்பு அடியின் அழுத்தத்தையே வீழ்த்திவிடுகின்றது. அரண் மீண்டும் எழுகின்றது. ஆதலால் பௌதிகத்தின்படி ஆள்வது அழுத்தமே என்பது நம் முடிபு. 1954இல் ஏபேர்சும் மோலும் எழுதிய சமன்பாடுகளும் இவ்வழியே செல்கின்றன.

ஆனால் கிடையச்சில் அழுத்தத்தை வைத்துக் கோடு வரைந்தோம் என்பதனால் மட்டும் அழுத்தம் காரணமாகிவிடாது. போஸ் செய்ததுபோல் பல உருப்படிகளை எடுத்து அளக்க வேண்டும். ஒரே இலக்கமுடைய திரான்சிற்றர்களில் அடியோட்டத்தின் பெருக்கம் ஒன்றில் 110 ஆகவும் மற்றொன்றில் 450 ஆகவும் இருக்கக் காணலாம். அழுத்தத்துக்கும் சேகரிப்பானோட்டத்துக்கும் உள்ள தொடர்போ, கோடு சற்று இடம் பெயர்ந்தாலும் சரிவு மாறாது நிற்கின்றது: அறை வெப்பத்திலே ஏறக்குறைய 60 மில்லிவோல்ற்று கூடினால் ஓட்டம் பத்து மடங்கு; 18 கூடினால் இரு மடங்கு. உருப்படிக்கு உருப்படி மாறும் எண்ணை நம்பிச் சுற்றமைப்பவன் ஏமாறுவான்.

அழுத்தக் கட்சியார் இதனாற் செருக்குறவும் வேண்டா. வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், அதே ஓட்டத்துக்கு வேண்டிய அழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோல்ற்று குறைந்துவிடும். கண்டியிலே காலையில் 20 பாகையும் நண்பகலில் 29 பாகையும் எனக் கொள்வோம். அழுத்தத்தை மாறாது பிடித்து வைத்த திரான்சிற்றரிலே, காலையில் 1 மில்லியம்பியராயிருந்த ஓட்டம், எவரும் தொடாமலே, மதிய மணி அடிக்குமுன் 2 மில்லியம்பியராகிவிடும். அடியோட்டத்தை மாறாது பிடித்தவருக்கு அவ்வளவு மாற்றம் நேராது; அவருடைய தொல்லை மறு உருப்படியை வாங்கும்போது வரும். அதனாலேயே கைதேர்ந்த பொறியியலாளர் இரண்டையும் முற்றும் நம்பாமல், காலியின் வழியிலே ஒரு சிறு தடையை இட்டு, ஓட்டம் மிகும்போது அழுத்தம் தானே குறையுமாறு செய்து வைக்கின்றனர். சில ரூபாவுக்குக் கிடைக்கும் ஒரு திரான்சிற்றரும் இரண்டு மானிகளும் ஒரு வரைபுத்தாளும் இருந்தால், இவை யாவற்றையும் ஒரு பிற்பகலிலே மாணாக்கர் தாமே அளந்து பார்க்கலாம்; விரலாற் பிடித்துச் சூடேற்றினால் கோடு இடப்புறம் நகர்வதையும் காணலாம்.